அரச வம்சத்தின் ஏட்டில் ஓர் எழுத்துப் பிழை

ஒரு குடும்பத்தில் பிணியோடு கூடிய குழந்தை பிறந்துவிடுமாயின், வைத்தியர் வாயைத் திறப்பதற்கு முன்னரே வீட்டிலுள்ளோர் வாயில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. "இது யார் வழியில் வந்தது?" என்பதே அக்கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் புருஷன் வீட்டார். விடை கூறக் கடமைப்பட்டவளாகக் கருதப்படுபவளோ, குழந்தையைப் பெற்று இன்னும் படுக்கையை விட்டெழாத தாய். அவளுடைய பிறந்தகத்தின் மூன்று தலைமுறையும் துருவி ஆராயப்படுகின்றன. அங்கே ஒரு நொண்டியோ, ஊமையோ, இளவயதில் மாண்டவனோ அகப்பட்டால் தீர்ப்பு உடனே எழுதப்பட்டுவிடுகிறது. ஒருவரும் அகப்படாவிடின், அவள் முற்பிறப்பில் செய்த பாவத்தின் மேல் பழி சுமத்தப்படுகிறது. எவ்வாறாயினும் தண்டனை அனுபவிப்பவள் அவளே.

இக்கேள்விக்கு ஜீவ சாஸ்திரம் இன்று கூறும் விடை இவ்வளவு கொடுமையானதன்று. பரம்பரையாக இறங்கி வரும் பிணிகள் உண்டென்பது மெய்யே. ஆயினும் ஒவ்வொரு பரம்பரைப் பிணிக்கும் ஒரு தொடக்கம் இருந்தே தீரவேண்டும். அத்தொடக்கம் ஒருவருடைய ஒழுக்கத்திலோ, குலத்திலோ, கர்மத்திலோ இல்லை. கண்ணுக்குப் புலனாகாத ஒரு பீஜ அணுவினுள் நேர்ந்த ஓர் எழுத்துப் பிழையில் இருக்கிறது. இவ்வுண்மையை விளக்குவதற்கு நாம் ஏழைகளின் குடிசைகளைத் தேடிச் செல்லவேண்டுவதில்லை. ஒரு காலத்தில் நம்மையும் ஆண்ட விக்டோரியா மகாராணியின் குடும்ப சரித்திரமே போதுமானது.

மகாராணியின் மக்கள்

விக்டோரியா 1819-ம் வருஷம் மே மாதத்தில் பிறந்தாள். அவளுக்குப் பிள்ளைகள் ஒன்பதின்மர். ஆண்கள் நால்வர், பெண்கள் ஐவர். 1853-ல் பிறந்த கடைசிப் புதல்வனான லியோபோல்டுக்குச் சிறு காயம் பட்டாலும் உதிரம் நிற்பதில்லை. காயமே இன்றியும் மூட்டுகளினுள்ளே உதிரம் கசிந்து வீங்கும். ஹீமோபிலியா என்று வைத்தியர் வழங்கும் உதிரம் உறையா நோய் இதுவே. அவன் 1884-ல், பிரான்சு தேசத்துக் கான் நகரத்தில், கீழே விழுந்ததன் விளைவாகத் தன் 30-ம் வயதில் மாண்டான்.

அம்மட்டோடு நின்றுவிடவில்லை. மகாராணியின் குமாரத்திகளுள் ஆலிஸ், பியாட்ரிஸ் என்னும் இருவர் தங்கள் தேகத்தில் யாதொரு துன்பமுமின்றி அப்பிழையைச் சுமந்து சென்றனர். ஆலிஸின் இரண்டு வயது மகன் 1873-ல் ஜன்னலிலிருந்து விழுந்து உதிரப் பெருக்கால் இறந்தான். ஆலிஸின் மகள் அலெக்ஸாண்ட்ரா 1894-ல் ருஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸை மணந்தாள். 1904-ல் அவர்களுக்குப் பிறந்த ஒரே ஆண் குழந்தையான அலெக்ஸி இந்நோயுடனே பிறந்தான். பியாட்ரிஸின் மகள் 1906-ல் ஸ்பெயின் தேசத்து அரசன் பதின்மூன்றாம் அல்போன்ஸோவை மணந்தாள். அவளுடைய புதல்வர்களுள் இருவர் இந்நோய் உடையவர்கள். மோட்டார் விபத்துக்களில், பிறர் பிழைத்தெழக்கூடிய காயங்களால், ஒருவன் 1934-லும் மற்றவன் 1938-லும் உயிர் துறந்தனர்.

அரண்மனையில் வைத்தியருக்குக் குறைவில்லை, செல்வத்துக்கும் குறைவில்லை. ஆயினும் ருஷ்ய ராணி தன் மகனுடைய வேதனையைத் தணிக்க வழி காணாது ரஸ்புடீன் என்னும் சாமியாரின் காலில் விழுந்ததும், அதனால் அரச குடும்பத்தின் மேல் ஜனங்களுக்கு வெறுப்பு மூண்டதும் சரித்திரப் பிரசித்தம். சாம்ராஜ்யம் கவிழ்ந்ததற்குக் காரணங்கள் பல. எனினும் அரண்மனையின் அந்தரங்கத் துயரம் ஒரு தாயின் பீஜ அணுவிலிருந்து வந்ததென்பதில் ஐயமில்லை. "என் மகனுக்கு இந்நோயைக் கொடுத்தவள் நானே" என்னும் எண்ணம், கிரீடந் தரித்தவளாயினும் சரி, கூழ் குடிப்பவளாயினும் சரி, ஒரு தாயின் நெஞ்சை ஒரே விதமாகவே அறுக்கும்.

இருவகை அணுக்கள்

இனி இதன் உட்பொருளைப் பார்ப்போம். நமது தேகம் கோடானு கோடி உயிரணுக்களால் ஆகியது. அவை இருவகைப்படும். தோல், தசை, எலும்பு, உதிரம் முதலியவற்றை ஆக்கும் தேக அணுக்கள் ஒருவகை. தந்தையின் விந்தணுவும் தாயின் அண்டமுமாகிய பீஜ அணுக்கள் மற்றொரு வகை. தேக அணுவில் நேரும் மாற்றம் அத்தேகத்தோடு எரிந்துவிடும். பீஜ அணுவில் நேரும் மாற்றமோ அதிலிருந்து தோன்றும் குழந்தையின் ஒவ்வோர் அணுவிலும் குடியேறி, அக்குழந்தையின் பீஜ அணுக்களின் வழியே அடுத்த தலைமுறைக்கும் செல்லக்கூடும். வெயிலில் உழைத்துத் தோல் கறுத்தவனுடைய கறுப்பு அவன் மகனுக்கு இறங்குவதில்லை. பீஜத்தில் உண்டான சிறு பிறழ்வு இறங்குகிறது. இவ்விரு வகை அணுக்களின் வேற்றுமையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வற்புறுத்திக் கூறியவர் வைஸ்மன் என்னும் ஜெர்மானியப் பண்டிதர்.

ஓலைச்சுவடிகளைப் பெயர்த்தெழுதிய நம் முன்னோரின் வழக்கத்தை நினைவிற் கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒரு சுவடி பழுதுபடுமுன் மற்றொன்று எழுதப்படும். அதிலிருந்து வேறொன்று எழுதப்படும். எழுதுவோன் கண் அயர்ந்து ஓர் எழுத்தை மாற்றிவிட்டானாயின், பின்வருவோர் அனைவரும் அப்பிழையையே உண்மைப் பாடமாகக் கொண்டு பெயர்த்தெழுதுவர். பாடபேதம் பிறந்தது இவ்விதமே. மூலச் சுவடியின் மீது மை சிந்தினாற்போலத் தேக அணுவின் கேடு. பெயர்த்தெழுதுகையில் நேர்ந்த பிழை போலப் பீஜ அணுவின் பிறழ்வு.

மனிதனுடைய சுவடி மிகப் பெரியது. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என 46 குரோமோசோம்களில் அது எழுதப்பட்டிருக்கிறது. ஒருவரிடமிருந்து வரும் பாகத்தில் மட்டும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் உள்ளன. அவ்வெழுத்துக்களோ நான்கே வகை. ஒரு குறிப்பிட்ட காரியத்துக்குக் கட்டளையாக அமைந்த பகுதியே மரபணு எனப்படுவது. உதிரத்தை உறையச் செய்யும் பொருள்களுள் ஒன்பதாவது எனப்படும் ஒன்றை ஈரலில் உண்டாக்குவதற்கான கட்டளை எக்ஸ் என்னும் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பிழையிருந்தாலும் மற்றொன்று பெரும்பாலும் காரியத்தை நடத்திவிடும். ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே. அதுவும் தாயிடமிருந்தே வருவது. ஆகவே பிழையைச் சுமக்கும் தாயின் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் நோய் வர இரண்டில் ஒரு பங்கு சம்பவம் உண்டு. ஒவ்வொரு பெண் குழந்தையும் பிழையைச் சுமக்க அதே அளவு சம்பவம் உண்டு. நோயுள்ள தந்தையின் பெண்கள் அனைவரும் பிழையைச் சுமப்பர். அவனுடைய ஆண் மக்களுக்கோ அவனிடமிருந்து அது இறங்குவதேயில்லை. லியோபோல்டின் மகள் வழிப் பேரன் ஒருவன் 1928-ல் இந்நோயால் இறந்ததும், லியோபோல்டின் மகன் இந்நோய் இன்றி முதுமை வரை வாழ்ந்ததும் இவ்விதியின்படியே நிகழ்ந்தவை.

பிழை எங்கே நேர்ந்தது?

விக்டோரியாவுக்கு இப்பிழை எங்கிருந்து வந்தது? அவளுடைய தாய் வழியில் முன்னர் இந்நோய் இருந்ததாகச் சான்று கிடைக்கவில்லை. அவளுடைய தந்தை கென்ட் பிரபுவோ உதிரம் உறையா நோயுடையவர் அல்லர். ஆகையால் அவளைத் தோற்றுவித்த பீஜ அணுக்களுள் ஒன்றில் இப்பிழை புதிதாக நேர்ந்திருத்தல் வேண்டும் என்பது சாஸ்திரிகளின் முடிபு. தாயின் அண்டத்தில் நேர்ந்திருக்கலாம். தந்தையின் விந்தணுவில் நேர்ந்திருக்கலாம். கென்ட் பிரபு 1767-ல் பிறந்தவர். மகள் பிறந்தபோது அவருக்கு வயது 51. இதை வைத்துத் தந்தையின் அணுவிலேயே பிழை நேர்ந்திருக்கக்கூடும் என்று பலர் கருதுகின்றனர். அவ்வயதின் சிறப்பைப் பின்னர்க் கூறுவோம்.

பிழையின் உருவத்தை நேரிற் காணும் வாய்ப்பும் நம் காலத்தில் வாய்த்தது. 1918-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ருஷ்ய அரச குடும்பத்தார் எகாடெரின்பர்க் நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்போது அலெக்ஸிக்கு வயது 13. குடும்பத்தாரின் எலும்புகள் 1991-ல் தோண்டி எடுக்கப்பட்டன. எஞ்சிய இரு குழந்தைகளின் எலும்புகள் 2007-ல் அகப்பட்டன. அவற்றிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து ரோகாயெவ் என்னும் விஞ்ஞானியும் அவரைச் சார்ந்தோரும் 2009-ல் தங்கள் முடிவை வெளியிட்டனர். அலெக்ஸியிடத்தும் அவன் தாயிடத்தும் ஒன்பதாம் உறைபொருளின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. 300 கோடி எழுத்துக்களில் ஒன்றே ஒன்று! அவ்வோரெழுத்து மூன்று அரச வம்சங்களைக் கண்ணீர் விடச் செய்தது.

தந்தையின் வயது

பெண்ணின் அண்டங்களுக்கு மூலமான அணுக்கள் யாவும் அவள் பிறப்பதற்கு முன்னரே, அவளுடைய தாயின் கர்ப்பத்திலேயே அமைந்துவிடுகின்றன. ஆணின் நிலை அவ்வாறன்று. பருவம் எய்திய பின் அவனுடைய பீஜ மூல அணுக்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. வருஷத்துக்கு ஏறத்தாழ 23 முறை என்று கணக்கிட்டிருக்கின்றனர். ஒவ்வொரு முறையும் முழுச் சுவடியும் பெயர்த்தெழுதப்பட வேண்டும். எழுதும் தடவை மிகுந்தால் பிழையும் மிகும் என்பதை உணரப் பாண்டித்தியம் வேண்டுவதில்லை.

இதை முதலில் குறிப்பாக உணர்ந்தவர்களுள் ஒருவர் வைன்பெர்க் என்னும் ஜெர்மானிய வைத்தியர். ஒருவகைக் குள்ளத்தன்மை குடும்பத்தின் கடைசிப் பிள்ளைகளிடத்தே மிகுதியாகக் காணப்படுவதை அவர் 1912-ல் எடுத்துக் காட்டினார். ஹால்டேன் என்னும் ஆங்கிலப் பேரறிஞர் 1935-ல், ஹீமோபிலியாப் பிழை ஒரு தலைமுறையில் ஏறத்தாழ 50,000 எக்ஸ் குரோமோசோம்களுக்கு ஒன்று வீதம் புதிதாகத் தோன்றுகிறதென்று கணக்கிட்டார். 1947-ல், அது தாயினும் தந்தையிடத்தே அதிகமாகத் தோன்றுகிறதென்றும் காட்டினார். மரபணு எதனால் ஆகியது என்பதே தெளிவுபடாதிருந்த காலத்தில், குடும்ப வரலாறுகளையும் கணிதத்தையும் மட்டுமே துணைக்கொண்டு அவர் கண்ட முடிவு இது.

2012-ல் ஐஸ்லாந்து தேசத்து 78 குடும்பங்களில் தாய், தந்தை, குழந்தை ஆகிய மூவரின் சுவடிகளையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தனர். பெற்றோர் இருவரிடத்தும் இல்லாத புதுப் பிறழ்வுகள் ஒவ்வொரு குழந்தையிடத்தும் சராசரி 60 அளவில் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை தந்தை வழி வந்தவை. 20 வயதுத் தந்தையிடமிருந்து சுமார் 25 என்றால், 40 வயதுத் தந்தையிடமிருந்து சுமார் 65 வந்தன. நடுநிலைமை பற்றி ஒன்று கூறவேண்டும். குரோமோசோம் முழுவதுமாக ஒன்று கூடிவிடும் பிழை, தாயின் வயதோடு ஏறுவது. ஓரெழுத்துப் பிழைகளோ பெரும்பாலும் தந்தையின் வயதோடு ஏறுவன. ஆதலால் வயதின் பழியைப் பெண்ணின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமன்று.

இதைக் கேட்டு நேயர்கள் அஞ்சவேண்டா. அறுபது பிறழ்வுகளுள் ஏறத்தாழ எல்லாமே யாதொரு தீங்கும் விளைக்காத இடங்களில் விழுவன. நாம் அனைவருமே அவ்வாறு பிழைகளோடு பிறந்தவர்களே. பிழையற்ற சுவடி என்று ஒன்று இவ்வுலகில் இல்லை. அன்றியும், பிறழ்வு என்பதே இல்லாதிருந்தால் உயிர்களில் பேதமும் இல்லை, வளர்ச்சியும் இல்லை.

இரத்த சுத்தம் என்னும் மயக்கம்

இவ்வுண்மை விளங்காமையால் விளைந்த கொடுமைகளை நாம் மறத்தலாகாது. குறையுள்ளோர் பிள்ளை பெறாமல் தடுத்துவிட்டால் ஜாதி முழுவதும் சுத்தமாகிவிடும் என்று கூறிய ஒரு கூட்டத்தார் மேனாடுகளில் மிக்க செல்வாக்குப் பெற்றிருந்தனர். அமெரிக்காவின் உச்ச நீதிஸ்தலம் 1927-ல் வர்ஜீனியா ராஜ்யத்தின் கட்டாயக் கருத்தடைச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புக் கூறிற்று. ஜெர்மனியில் 1933-ல் ஹிட்லர் ஆட்சி இயற்றிய சட்டத்தின்படி ஏறத்தாழ 4 லட்சம் பேர் அவ்வாறு மலடாக்கப்பட்டனர். இதிலே ஒரு விந்தை உண்டு. உதிரம் உறையா நோயால் மாண்ட லியோபோல்டின் மகன் ஜெர்மனியில் பிரபுவாகி, ஹிட்லர் ஆட்சிக்குத் துணை நின்று, அங்குள்ள செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவனாகவும் வீற்றிருந்தான்! தந்தையின் எக்ஸ் தன்னிடம் வாராத ஒரே காரணத்தால் நோயினின்று தப்பியவன் அவன்.

கருணையை விட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலும் அக்கொள்கை நிலைபெறாது. ஹீமோபிலியா நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரின் குடும்பத்தில் அந்நோய் முன்னர் இருந்ததேயில்லை. இன்றுள்ள நோய்க் குடும்பங்கள் அனைத்தையும் கருவறுத்தாலும், நாளை நோயற்ற குடும்பங்களிலேயே அது மீண்டும் தோன்றும். ஊற்று நிலத்தடியில் இருக்க, குட்டையை இறைத்துப் பயன் என்ன? ஹால்டேன் 1938-ல் பரம்பரையையும் அரசியலையும் பற்றி எழுதிய நூலில் இத்தகைய சட்டங்களின் போலி சாஸ்திரத்தை வன்மையாகக் கண்டித்தார். அவர் 1957-ல் இந்தியாவுக்கே வந்து குடியேறி, கல்கத்தாவிலும் பின்னர்ப் புவனேசுவரத்திலும் ஆராய்ச்சி நடத்தி, இந்தியப் பிரஜையாகி, 1964-ல் இம்மண்ணிலேயே உயிர் நீத்தார். தம் உடலையும் காக்கிநாடா வைத்தியக் கலாசாலைக்கு வழங்கிச் சென்றார். அத்தகையோர் கண்ட உண்மையை நம் வீடுகளில் விளங்கச் செய்வது நமக்குள்ள கடன்.

மருந்தும் அதன் எல்லையும்

உறைபொருளைப் பிறர் உதிரத்திலிருந்து பிரித்தெடுத்து ஊசி வழியே ஏற்றும் முறை நோயாளிகளுக்கு வாழ்வளித்தது. ஆயினும் 1980-ம் ஆண்டுகளில் பல தேசங்களில் அம்மருந்தின் வழியாகவே எய்ட்ஸ் கிருமி பரவி ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். பின்னர்க் கிருமியைக் கொல்லும் முறைகளும், உதிரத்தை நாடாது உறைபொருளைத் தயாரிக்கும் முறையும் வந்தன. ஒன்பதாம் உறைபொருளின் மரபணுவையே தேகத்திற் செலுத்தும் சிகிச்சைக்கு அமெரிக்க அரசாங்கம் 2022-ல் அனுமதி அளித்தது. நம் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கலாசாலை வைத்தியர்கள், எட்டாம் உறைபொருள் குன்றிய ஐவருக்குச் செய்த மரபணுச் சிகிச்சையின் நற்பயனை 2024-ம் வருஷக் கடைசியில் உலகுக்கு வெளியிட்டது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. இச்சிகிச்சைகள் தேக அணுக்களைத் திருத்துவன. பீஜ அணுக்களைத் திருத்துவன அல்ல. குணமடைந்தவனுடைய பெண்களும் பிழையைச் சுமப்பவர்களே. அப்படியாயின் பீஜத்தையே திருத்தினால் என்ன என்று கேட்கலாம். சீன தேசத்தில் ஒரு விஞ்ஞானி 2018-ல் கருவின் மரபணுவைத் திருத்திக் குழந்தைகளைப் பிறப்பித்ததாக அறிவித்தபோது உலகமே திகைத்தது. 2019-ல் அவனுக்கு மூன்று வருஷச் சிறை விதிக்கப்பட்டது. திருத்த முயல்வோன் புதியதொரு பிழையை எழுதிவிட்டால், இன்னும் பிறவாத தலைமுறைகள் அதைச் சுமக்க நேரும். அவர்களுடைய சம்மதத்தைக் கேட்பார் யார்?

நாம் செய்ய வேண்டுவது

முதலாவது, நோயுள்ள ஆணின் தாய், சகோதரி, மகள் ஆகியோருக்கு மரபணுப் பரீக்ஷையும் நல்ல ஆலோசனையும் எளிதிற் கிடைக்கவேண்டும். தாயின் உதிரத்தில் பிழை காணப்படாவிடினும் பயம் முற்றும் நீங்கிற்றென்று வைத்தியர் அவசரப்பட்டுக் கூறலாகாது. பீஜ அணுக்களுள் ஒரு பகுதியில் மட்டும் பிழை தங்கியிருந்து, அடுத்த குழந்தையிடத்தே வெளிப்படுவதும் உண்டு. இரண்டாவது, 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. ஏட்டில் எழுதிய உரிமை, ஜில்லா ஆஸ்பத்திரியில் நள்ளிரவில் மருந்தாக நோயாளியின் கையை எட்டினாலன்றி அது உரிமையாகாது. முழங்காலில் உதிரம் கட்டிய பையன் விடியும் வரை காத்திருக்க முடியாது.

மூன்றாவதற்குப் பணமும் வேண்டா, சட்டமும் வேண்டா. பிணியோடு பிறந்த குழந்தையைக் கண்டதும் "யார் வழியில் வந்தது?" என்று கேட்கும் நாவை அடக்குதல் ஒன்றே போதும். வைத்தியர் அக்கேள்வியைக் கேட்கலாம். அது அடுத்த குழந்தையைக் காப்பதற்கு. சுற்றத்தார் கேட்பதோ, ஒரு பெண்ணின் மேல் பழியை நிறுத்துவதற்கு. அப்பிழை மாமனார் வயது முதிர்ந்த பின் பெற்ற மகனிடத்தே தோன்றியதாகவும் இருக்கலாம். தாய் வழிப் பாட்டனிடத்தே தோன்றியதாகவும் இருக்கலாம். அக்குழந்தையிடத்தே முதன்முதல் தோன்றியதாகவும் இருக்கலாம். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது பழமொழி. ஆனால் இவ்வேட்டை எழுதியது எந்த மனிதனுமல்லன். படைகளும் கோட்டைகளும் சூழ்ந்த அரண்மனையில் அவ்வெழுத்தைத் தடுப்பார் இல்லாதபோது, ஒரு குடியானவன் வீட்டு மருமகள் அதை எவ்வாறு தடுத்திருக்க முடியும்?